கூனியிறால் எண்ணியவர்

மீன் பிடிக்கிறவன் சொல்லும் எடையில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். ரோலண்ட் பிட்வெல் சொன்னால் மட்டும் யாரும் கழிப்பதில்லை. ஒண்ணேகால் பவுண்டு என்று அவர் சொன்னால் அது ஒண்ணேகால் பவுண்டுதான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். தராசைப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். ஹேஸில்போர்ன் ஓடையில் பொய் சொல்லத் தெரியாத ஒரே தூண்டில்காரர் என்று மதுக்கடையில் அவரைக் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வாய் பீர் குடிப்பார்.

ஓடை ஒன்றும் பெரிதில்லை. சில இடங்களில் கால் நீளமானவன் தாண்டியே போய்விடலாம். ஆனால் சுண்ணாம்புக் குன்றின் அடியிலிருந்து ஊறி வருகிற தண்ணீர். அதில் வளரும் ட்ரௌட் மீனுக்காக எங்கள் சங்கத்தில் இருபத்திரண்டு பேர் சந்தா கட்டிவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு கரையில் முழங்காலிட்டுக் கிடக்கிறோம். புழு மாட்டக் கூடாது. முள்ளில் இறகும் ரோமமும் சுற்றிக் கட்டிய போலி ஈ மட்டும்தான். அதையும் சும்மா வீசக் கூடாது. மேலே வந்து ஈயை உறிஞ்சுகிற மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீச வேண்டும். வெளியூர்க்காரனுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மீன்களுக்குச் சோறு கூனியிறால். அரை விரல்கூட இருக்காது, முதுகு வளைந்து கல்லுக்கடியில் பதுங்கிக் கிடக்கும். அது இருந்தால் ஓடை இருக்கிறது என்று அர்த்தம். மாதத்தின் முதல் சனிக்கிழமை அதை எண்ணுவது ரோலண்டின் வேலை. சங்கத்துக் கொட்டகைக்கு முன்னால் ஒரு மடு இருக்கிறது. மடுவுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிடும். அங்கே இறங்கி, மூன்று நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காலால் கூழாங்கல்லைக் கிளறி, வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, தேக்கரண்டியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். பக்கத்தில் யார் பேசினாலும் பதில் வராது. எண்ணி முடித்ததைக் கொட்டகைச் சுவரில் மாட்டிய பலகையில் எழுதி வைப்பார்.

ஏப்ரலில் நானூற்றுப் பன்னிரண்டு. மே மாதம் நூற்று நாற்பது. ஜூனில் முப்பத்தொன்று. ஜூலையில் ஆறு.

ஆறு என்று எழுதிய அன்று ரோலண்ட் தட்டைக் கழுவாமல் கரையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அது நிஜமான துக்கம். அதைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அதற்கப்புறம் அவர் செய்ததை. மடுவுக்கு மேலே முந்நூறு கஜத்தில் பெரில் ஸ்டிக்லண்டின் கீரைப் பாத்திகள் இருக்கின்றன. வாட்டர்கிரெஸ் என்று கடையில் கட்டுக்கட்டாக விற்கும் கீரை. ஊற்றுத் தண்ணீர் பாத்திகளில் ஓடி, கீரை அலசும் கொட்டகை வழியாக வந்து, ஒரு குழாயில் ஓடையில் விழும். அறுபத்தோரு வயதில் பெரில் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு தானும் இடுப்பொடிய அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே இருப்பது அவள் ஒருத்திதான். வேறு யாராக இருக்க முடியும்?

ஜூலைக் கடைசியில் ஊர்க்கூடத்தில் ரோலண்ட் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டினார். அறுபது பேர் வந்திருந்தார்கள். ஏப்ரலில் உயரமாக நின்ற கோடு ஜூலையில் தரையில் கிடந்தது. பெரில் கடைசி வரிசையில், வேலைக்குப் போடும் அதே ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"நாங்க மருந்து எதுவும் அடிக்கறதில்லையே, ரோலண்ட்," என்றாள். "கீரையைத் தண்ணில அலசுறோம். அவ்வளவுதான்."

"நான் யாரையும் குத்தம் சொல்லலை பெரில். எண்ணிக்கை என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்றேன்," என்றார் ரோலண்ட்.

அந்த வாக்கியம் அவருக்கு அன்று மிகவும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவி ஹிலரியிடம் அதைத் திருப்பிச் சொல்லிக்கூடக் காட்டினார். மறுநாள் சங்கத்தின் பெயரில் தண்ணீர் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் போனது. இலையுதிர் காலத்தில் பெரிலின் அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கக் கூடாது என்று கேட்கும் கடிதம். கீழே ரோலண்டின் கையெழுத்து. அனுமதி போனால் பாத்தி போகும். எங்கள் மாதிரி ஓடைகளில் புது அனுமதி கொடுப்பதை அந்த அலுவலகம் எப்போதோ நிறுத்திவிட்டது. இது எல்லோருக்கும் தெரியும், ரோலண்டுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் இருபத்துநாலு, ஞாயிற்றுக்கிழமை. மழையில்லாத கோடை, ஓடை மெலிந்து கிடந்தது. கொட்டகைப் பக்கம் இரண்டு பேர் தூண்டிலோடு நின்றதால் ரோலண்ட் மேலே நடந்தார். குழாய்ப் பக்கம் அந்த வருஷம் யாரும் போகவில்லை. செத்துப்போன இடத்தில் யார் மீன் பிடிப்பான்? அவரும் நிழலுக்குத்தான் போனார். அப்போது குழாய்த் தண்ணீர் விழுகிற இடத்துக்கு ஆறடி கீழே, மீன் மேலே வந்து போன வளையம் ஒன்று தண்ணீரில் தெரிந்தது.

ரோலண்ட் அப்படியே உட்கார்ந்தார். மறுபடி வளையம். மூக்கு தெரிந்தது, பிறகு முதுகு. நல்ல முதுகு. காஞ்சொறிச் செடிகளுக்குள் முழங்காலால் நகர்ந்து, கையெல்லாம் தடித்து, வில்லோ மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். பழுப்புச் சிறகு வைத்த சின்ன ஈயை நூலில் கட்டினார். முதல் வீச்சில் நீரோட்டம் நூலைப் பிடித்து இழுத்தது. ஈ தண்ணீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு போனது. மீன் கண்டுகொள்ளவில்லை. ரோலண்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐம்பது எண்ணினார். இரண்டாவது வீச்சு, இரண்டடி மேலே, பூ விழுகிற மாதிரி. மீன் நிதானமாக வந்து வாயைத் திறந்து மூடியது.

இரண்டு பவுண்டுக்கு இரண்டு அவுன்ஸ் குறைவு. அந்த வருஷத்தில் அவர் பிடித்ததிலேயே பெரியது. சங்க விதிப்படி வாரத்துக்கு ஒரு மீன் கொன்று வீட்டுக்குக் கொண்டு போகலாம். இன்றைக்கு ராத்திரிக்கு வெண்ணெயில் வறுத்து, உருளைக்கிழங்கோடு, என்று நினைத்துக்கொண்டே மீனின் தலையில் ஒரு தட்டு தட்டினார். மேல்பையிலிருந்து நீளக் கரண்டியை எடுத்தார். அது எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கும். கொன்ற மீனின் தொண்டைக்குள் விட்டு ஒரு திருகு திருகி எடுத்தால், அது கடைசியாக என்ன தின்றது என்று தெரிந்துவிடும்.

கரண்டி நிறையக் கூனியிறால். நசுங்கி, சாம்பலும் ஆரஞ்சுமாக, அடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

குழாய்க்கு இவ்வளவு பக்கத்தில் ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது. மீன் பெரியது என்ற சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய் வலையையும் தட்டையும் எடுத்து வந்தார். குழாய்க்கு நேர் கீழே இறங்கிக் கல்லைக் கிளறினார். முந்நூற்று எண்பது. நூறு கஜம் கீழே வந்து கிளறினார். முந்நூற்று அறுபத்தைந்து. மடுவின் தலைமாட்டில் கிளறினார். முந்நூற்று நாற்பது. மடுவைத் தாண்டி வந்து, மாதா மாதம் தான் நிற்கிற அதே இடத்தில் இறங்கினார்.

மூன்று.

கீரையில் ஒன்றுமில்லை. குழாயில் ஒன்றுமில்லை. சாவு இந்த மடுவுக்குள்தான் இருந்தது. பதினைந்து கஜ நீள மடுவில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது, பார்லி தண்ணீருக்குள் பாய்ந்தது.

பார்லி அவருடைய நாய். அவர் தூண்டில் போடும்வரை கொட்டகையில் கட்டிக் கிடந்தது; வலையை எடுக்கப் போனபோது அவிழ்த்துவிட்டிருந்தார். தொங்கு காது ஸ்பேனியல். பழைய நாய்க்குத் தண்ணீர் என்றால் பயம். பார்லிக்குத் தண்ணீர் என்றால் உயிர். தினமும் காலையில் நடக்க வரும்போது அரைமணி நேரம் அந்த மடுவில்தான் கிடக்கும். ஏப்ரலில், அந்த மாதத்து எண்ணிக்கை முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்த நாய். மாதத்தின் முதல் சனிக்கிழமை அதன் பிடரி மயிரை விலக்கித் தெள்ளுப்பூச்சி மருந்தைச் சொட்டு விடுவார் ரோலண்ட். மறந்துவிடக் கூடாதே என்று எண்ணிக்கை நாளிலேயே வைத்துக்கொண்டார். காலெண்டரில் ஒரே வட்டம்: மருந்து, எண்ணிக்கை. சொட்டு விட்டதும் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கு வருவார். அது மடுவில் குதிக்கும். பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து தண்ணீரில் இறங்கி, மெலிந்த ஓடையில் மெல்ல நகர்ந்து, அவருடைய கூழாங்கல்லுக்குள் போகும். அவர் கீழே நின்றுகொண்டு செத்தவை போக மீதியை எண்ணுவார். எண்ணி, பெரிலின் பெயரில் எழுதுவார்.

வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவைத் தேடி எடுத்தார். உள்ளே மடித்த காகிதம் மடித்தபடியே இருந்தது. 'மருந்திட்டபின் விலங்கை நீர்நிலைகளில் இறங்க விடக் கூடாது. நீர்வாழ் உயிர்களுக்கு மிகுந்த ஆபத்து.' புதுக் கடிகாரம் வாங்கினால்கூட விளக்கப் புத்தகத்தை இரண்டு தடவை படிக்கிற மனிதர் இதைப் பிரித்தே பார்த்ததில்லை. முகம் சுட்டது. சமையலறையில் நின்றபடி, யாரும் பார்க்காதபோதே வெட்கப்பட்டார்.

ஹிலரி வந்தாள். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் மீனைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மேஜைக்கடியில் ஈரத்தோடு படுத்திருந்த பார்லியைப் பார்த்தாள்.

"சரி. கோட்டைக் கழட்டாத. நேரா பெரில் வீட்டுக்குப் போ," என்றாள்.

"இப்பவா? ஒரு தடவை எண்ணினதை வெச்சு எப்படிச் சொல்றது. பதிமூணு நாள்ல சனிக்கிழமை எண்ணிக்கை வருது. முறைப்படி மேலயும் கீழயும் எண்ணி, உறுதியானதும்..."

"அவ மேல பழி போட்டப்ப மேல போய் ஒரு தடவையாவது எண்ணினியா?"

ரோலண்ட் மருந்து டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"அப்ப இல்லாத முறை இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் ஹிலரி. மீனை வறுத்து வைத்தாள். இரண்டு பேரும் பாதிகூடச் சாப்பிடவில்லை.

ரோலண்ட் திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமை பெரிலின் வாசல்வரை போய், உள்ளே வேன் நின்றதைப் பார்த்துவிட்டு, யாரோ வந்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார். அது பெரிலுடைய வேன். எட்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. புதன்கிழமை சங்கத் தலைவர் டெஸ்மண்ட் ஃப்ரௌட்டைக் கொட்டகையில் பிடித்தார். டெஸ்மண்ட் கடற்படையில் இருந்தவர், எண்பதை நெருங்குகிறவர். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார்.

"நாயா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, டீ சிந்தி, கைக்குட்டையை எடுத்தார். "அறுபது பேர் முன்னாடி நீ படம் போட்டுக் காட்டினது உன் நாயோட குளியலைத்தானாய்யா?"

"சிரிக்காதீங்க கேப்டன். எனக்குத் தூக்கமே இல்ல."

"சரி, சரி. சனிக்கிழமை எண்ணு. எண்ணிட்டு, புது எண்ணிக்கை கிடைச்சிருக்கு, அதனால கடிதத்தை வாபஸ் வாங்கறோம்னு ரெண்டு வரி எழுதிடு. நாய் எதுக்கு அதுல? உன் பேர் கெட்டா நம்ம எண்ணிக்கை பூராவும் கெட்டுப்போகும். அப்புறம் நெசமாவே ஒருத்தன் சாக்கடையைத் திறந்து விட்டா நம்மள யார் நம்புவான்?"

"பெரில்கிட்ட?"

"கடிதத்தை வாபஸ் வாங்கினா அவளுக்கு அது போதாதா? அனுமதி கிடைச்சிரும். அவளுக்கு வேண்டியது அதுதானே. இதுல நீ சட்டையைக் கிழிச்சுக்கிட்டு அவ வாசல்ல நிக்கறதால யாருக்கு என்ன லாபம்?"

நல்லவர்தான் கேப்டன், கெட்ட யோசனைகளை அவ்வளவு அன்பாகச் சொல்ல நல்லவர்களால்தான் முடியும். ரோலண்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது என்று தெரிந்ததும் கூசிப்போனார். ஆனால் இறங்கியதை மறுபடி ஏற்றிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைவரை காத்திருந்தார். பார்லியை மட்டும் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. அது மடுவைப் பார்த்து அழுதது.

செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை. மேலே முந்நூற்றுத் தொண்ணூறு, கீழே நான்கு. கடிதத்தைக் கேப்டன் சொன்னபடி எழுதினார். படித்துப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தொந்தரவு. இரவெல்லாம் புரண்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஹிலரியிடம் ஒன்றும் சொல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு பெரில் வீட்டுக்கு நடந்தார்.

பெரில் முற்றத்தில் காலிப் பெட்டிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவள் பின்னால் பாத்திகளைப் பார்த்த ரோலண்டுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஏழு பாத்திகளில் ஆறில் தண்ணீர் இல்லை. வெறும் சரளைக்கல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

"வா ரோலண்ட்," என்றாள். குழாயை மூடினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோலண்ட் நின்றபடியே சொன்னார். நாய், மருந்து, மடு, தான் நிற்கிற இடம், மேலே ஒருமுறைகூட எண்ணாதது, எல்லாம் சொன்னார். "உன்னால இல்ல பெரில். என்னால. கூடத்துல மறுபடி எல்லாரையும் கூட்டி நானே சொல்றேன். கடிதத்தை நாளைக்கே வாபஸ் வாங்கறோம்," என்றார். நடந்து வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகள். சரியாகவே வந்தன.

பெரில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"நெசமாவா? என் தண்ணில ஒண்ணும் இல்லையா?"

"உன் குழாய்க்கு நேர் கீழ முந்நூத்தித் தொண்ணூறு இருக்கு. இந்த ஓடையிலேயே நல்ல தண்ணி உன்னுதுதான்."

பெரில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் கோபப்படுவாள், கத்துவாள் என்றெல்லாம் ரோலண்ட் தயாராக வந்திருந்தார். அழுவாள் என்று நினைக்கவில்லை.

"நான்தான்னு நெனச்சேன் ரோலண்ட்," என்றாள். "மொதல்ல ஒத்துக்கல. அப்புறம் யோசிச்சேன். வேற யாராவது சொல்லியிருந்தா போடான்னு விட்டிருப்பேன். நீ சொன்னே. நீ ஒரு அவுன்ஸ் கூட்டிச் சொல்ற ஆளா? அலசுற கொட்டகையைத் தரைவரைக்கும் தேச்சுப் பாத்தேன். பெட்டி கழுவுற சோப்பை மாத்துனேன். சாந்தையெல்லாம் சுரண்டி எடுத்துப் புதுசா பூசுனேன். ஆகஸ்டு மொத சனிக்கிழமையும் உன் பலகைல அஞ்சுன்னு எழுதியிருந்துச்சு. எங்கேருந்து போகுதுன்னே எனக்குத் தெரியல. தினம் காலைல குழாய்ப் பக்கம் போய் நிப்பேன். தண்ணியப் பாக்கவே வெக்கமா இருக்கும். ஊர்ல யார் முகத்தையும் நிமிந்து பாக்கல. நான் கொன்னுட்டேன்னுதான் இருந்தேன்."

மூன்று நாள் தூக்கமில்லாததற்கே கேப்டனிடம் புலம்பியவர், ஒன்றரை மாதம் தன்னுடைய வெட்கத்தை இவள் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். உட்காரவும் தோன்றவில்லை.

"பாத்தி ஏன் காஞ்சு கெடக்கு?" என்று கேட்டார்.

"அனுமதியைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க புடுங்கிக்கறதுக்கு முன்னாடி நானே விட்டுடறதுதான் மரியாதைன்னு பட்டுது. ஆளுங்களையும் அனுப்பிட்டேன். இந்த ஒரு பாத்தி இந்த மாசக் கடைசிவரைக்கும். அப்புறம் இதையும் மூடணும்."

"திருப்பி வாங்க முடியாதா?"

"கேட்டுப் பாக்கலாம். குடுத்தது குடுத்ததுதான்னு ஆபீஸ்ல இருந்த பொண்ணு அப்பவே சொன்னா. ரெண்டு தடவை கேட்டா, நல்லா யோசிச்சீங்களாம்மான்னு. யோசிச்சேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை. போன வாரத்துக்கு முந்தின வியாழன். இருபத்தெட்டு." பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

ரோலண்ட் எண்ணுகிறவர். எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை. இருபத்துநாலு ஞாயிறு. இருபத்தாறு செவ்வாய், வாசல்வரை வந்து வேனைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இருபத்தேழு புதன், கொட்டகையில் டீ. இருபத்தெட்டு வியாழன். நாலு நாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கழற்றாமல் வந்திருந்தால் ஏழு பாத்தியிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

"நேத்துதான் எண்ணி முடிச்சேன்," என்றார் ரோலண்ட்.

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். நேற்றுதான் எண்ணி முடித்தார்.

"நேத்தா," என்றாள் பெரில். பெருமூச்சு விட்டாள். "அப்ப நீ மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்? என் அவசரம்." எழுந்து வந்து அவர் கையைத் தொட்டாள். "தெரிஞ்ச மறுநாளே வந்து நின்னியே ரோலண்ட். வேற ஒருத்தனா இருந்தா வாயே திறந்திருக்க மாட்டான். அதுவும் உன்னை மாதிரி பேர் வாங்கின ஆளு. எனக்கு எவ்வளவு நிம்மதின்னு உனக்குத் தெரியாது. இரு, போயிராத."

அவள் பூட்ஸோடு அந்த ஒரே பாத்தியில் இறங்கினாள். கத்தியால் ஒரு பிடி அறுத்து, அலசி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். "ஹிலரிகிட்ட குடு. சூப்பு வெச்சுக் குடுக்கச் சொல்லு. நீயும் இளைச்சுப் போயிருக்கே."

ரோலண்ட் வாங்கிக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொன்னார். நடக்க ஆரம்பித்தபோது ஈரம் கோட்டுக் கையில் இறங்கியது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று பாலத்தில் ஒருமுறை நின்றார். இனிமேல் சொல்லி என்ன, அவள் நிம்மதியாக இருக்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. கேப்டனின் குரல் மாதிரி அன்பான குரல். அதைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

ஹிலரி அடுப்படியில் நின்றாள். கோட்டைப் பார்த்ததுமே எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இது ஏது?"

"பெரில் குடுத்தா."

"அவளா? எதுக்கு?"

ரோலண்ட் கீரையை மேஜையில் வைத்தார். "தெரிஞ்ச உடனே வந்து சொன்னதுக்கு," என்றார். வாயிலிருந்து அது வெளியே வந்த பிறகுதான் காதில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தெட்டாம் தேதிக் கையெழுத்தையும் சொன்னார்.

ஹிலரி திட்டவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் திட்டாமல் இருந்த தருணங்கள்தான் ரோலண்டுக்குப் பயம். அவள் ஒரு காகிதத்தை எடுத்து, கீரைக்கட்டைச் சுற்றி, அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இதை நான் அடுப்புல ஏத்த மாட்டேன்," என்றாள்.

ரோலண்ட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைப் பக்கம் யாரோ கையை உயர்த்தி, என்ன ரோலண்ட், மீன் ஏதாவது மேலே வருதா என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் போனார். பெரிலின் கதவைத் தட்டும்போது, ஊர்க்கூடத்தில் அறுபது பேர் முன்னால் நின்று சொல்வது இதைவிடச் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது.

கதவைத் திறந்த பெரில் சிரித்தாள். கழுவிய முகத்தில் அழுத சிவப்பு இன்னும் போகவில்லை. "என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"ஒண்ணு சொல்லாம போயிட்டேன். எனக்கு ஆகஸ்ட் இருபத்துநாலே தெரியும் பெரில். உன் குழாய்க்குக் கீழ ஒரு மீன் பிடிச்சேன். அது வயித்துல கூனியிறாலைப் பாத்தேன். அன்னிக்கே மேலயும் கீழயும் எண்ணிட்டேன். அன்னிக்கே நாய்தான்னு தெரிஞ்சிருச்சு. செவ்வாய்க்கிழமை உன் வாசல்வரைக்கும் வந்தேன். பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

பெரிலின் சிரிப்பு உடனே போகவில்லை. என்ன சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உதடு அசைந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமைக்கு வந்ததும் நின்றுவிட்டது.

ரோலண்ட் காத்திருந்தார். ஏதாவது சொன்னால் தேவலை என்றிருந்தது. அவள் கையை நீட்டி, அவர் பிடித்திருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான்.